நூறு மார்க் காது

காதுக்குள் இரைச்சல் கேட்கும் மனிதர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் டாக்டரிடம் போகும், பரிசோதனை செய்துகொள்ளும், சொன்னபடி நடக்கும், வீட்டுக்கு வந்து தன் வேலையைப் பார்க்கும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாவது ரகம் டாக்டரிடம் போகாது. நம்மிடம் வரும்.

வந்தால் லேசில் போகாது. நீங்கள் வங்கியில் வரிசையில் நிற்பீர்கள், அல்லது முடிவெட்டும் கடையில் பாதி வெட்டிய தலையோடு தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஒரு பெருமூச்சு விட்டு, சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டு ஆட்டி, வெளியே எடுத்து அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, “உங்களுக்குக் காது இரையுமா?” என்று ஆரம்பிப்பார். இல்லை என்றால் உங்கள் மேல் பரிதாபப்பட்டு விளக்குவார். ஆமாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாலோ, எந்தக் காது, எத்தனை வருஷம், படுத்தால் கூடுமா குறையுமா என்று குறுக்கு விசாரணை நடத்தி, கடைசியில் உங்களுடையது ஓர் இரைச்சலே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவார். வியாதியில்கூட மனிதனுக்கு முதலிடம் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய?

இந்த ரகத்தின் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் ஒரு மரம் அறுக்கும் மில்லுக்குள் எட்டிப்பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை வட்ட ரம்பம் அலறிக்கொண்டே இருக்கும் கொட்டகை, கணுக்கால்வரை மரத்தூள், அதற்கு நடுவில் இடுப்பில் கைவைத்து நிற்கும் மேஸ்திரி. தன் இடது காதில் ஒரு வண்டும் வலது காதில் ஒரு வண்டுக் குடும்பமும் குடியிருப்பதாக எல்லோரிடமும் சொல்லிவந்ததால் மில்லில் அவருக்கு வண்டு மேஸ்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவருக்குத்தான் கேட்காதே.

காதை மூடிக்கொள்ள முதலாளி ஆளுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்திருந்தார், தலைக்கு மேல் வளைந்து இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்தது. மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். மேஸ்திரியுடையது ஆணியில் தொங்கியது. ஒரு கிண்ணத்தில் சாவிக்கொத்தும் இன்னொன்றில் பாதிப் பென்சிலும் கிடந்தன. ரம்பம் மொண்ணையானால் அதன் குரல் மாறும், அதைக் கேட்டே கண்டுபிடிக்கிறவன் நான், காதைப் பொத்திக்கொண்டு நிற்க நான் என்ன பச்சைப் பிள்ளையா என்பது அவருடைய வாதம். அந்த ரம்பத்துக்கும் அந்த வண்டுக்கும் ஏதாவது உறவு இருக்கலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் சிரித்துவிடுவார். தன் வண்டு ஏதோ பிறவியிலேயே வந்த தனிச் சிறப்பு என்று நினைத்திருந்தவரிடம், அது கொட்டகையில் நின்ற எவனுக்கும் வரும் என்று சொன்னால் எப்படிப் பொறுப்பார்?

வீட்டில் விடிந்ததும் முதல் செய்தி அறிக்கை அவருடையதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்ப ஊதிப் பார்ப்பார். பஞ்சு வைத்துப் பார்ப்பார், பஞ்சை எடுத்துப் பார்ப்பார். துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே தலையை நுழைத்து, வெளிச்சத்தம் கலக்காத இடத்தில் இரைச்சலின் சுத்தமான அளவு என்ன என்று கணித்துவிட்டு வெளியே வந்து, இன்றைக்கு இடப்பக்கம் மிதம், வலப்பக்கம் பலம், மத்தியானத்துக்கு மேல் கூடலாம் என்று அறிவிப்பார். அவருடைய மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே தலையாட்டுவார். விருந்தாளி யாராவது வந்து மாட்டினால் அவர் தலையைப் பிடித்து இழுத்துத் தன் காதோடு காதை ஒட்டவைத்து, கேட்கிறதா என்பார். கேட்கிறது என்று சொல்லிக் கழுத்தை மீட்டுக்கொண்டவர்கள் உண்டு. கேட்கவில்லை என்ற உண்மை விளம்பிகளுக்கு, உடனே போய்க் காதைக் காட்டுங்கள் என்ற இலவச ஆலோசனை கிடைத்தது.

ஒருமுறை மச்சினனுக்கும் காது இரைந்தது. அவன் போய் டாக்டரிடம் காட்டினான், உள்ளே கெட்டிப்பட்டிருந்த அழுக்கை எடுத்தார்கள், இரைச்சல் நின்றுவிட்டது. அதை அவன் சந்தோஷமாகச் சொன்னபோது மேஸ்திரி முகம் சுருங்கிப்போனது. “அழுக்குக்கெல்லாம் இரைச்சல்னு பேர் வைக்காத மாப்ள” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ரகத்துக்கு இரைச்சல் வெறும் அலங்காரம் இல்லை, உபயோகமுள்ள பொருள். குழாயை மூடவில்லையா? இரைச்சல் மறைத்துவிட்டது. கதவைத் தட்டித் தட்டி மனைவி வெயிலில் நின்றாளா? இரைச்சல். எண்ணெய் வாங்கி வரச் சொன்னதை மறந்தாரா? மறக்கவில்லை, இரைச்சலில் அந்தப் பேச்சு உள்ளேயே வரவில்லை. செய்யாத வேலைக்கெல்லாம் வண்டு பொறுப்பேற்றுக்கொண்டது. இப்படி ஒரு வண்டு கிடைத்தால் யார்தான் அதை டாக்டரிடம் காட்டித் துரத்தப் பார்ப்பார்கள்?

மனைவிக்கு வந்த சந்தேகமும் இதுதான். ஒருநாள் சாயங்காலம் அவர், அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, நாளைக்குப் போய் ஒரு வாரம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொன்னார். கணவர் தலையாட்டினார், ஆமாம் ஆமாம் என்றார். மறுநாள் மனைவி பையும் கையுமாகச் செருப்பு மாட்டும்போது, சொல்லாமல் கொள்ளாமல் எங்கே கிளம்பிவிட்டாய் என்று குதித்தார். சரி, பாவம், கேட்கவில்லை போலிருக்கிறது என்று மனைவி நினைப்பதற்குள், வாசலில் கட்டைக் குரலில் மரலாரிக்காரர் ஏதோ முணுமுணுத்ததற்கு உள்ளே இருந்தபடியே கணவர் டாண் என்று பதில் சொன்னார். லாரிக்காரர் பேச்சு கேட்கிறது, பெண்டாட்டி பேச்சு கேட்கவில்லை! அந்த வாரம் முழுக்க அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மனைவி அதையே யோசித்தார். இவருக்குக் காது கேட்கவில்லையா, அல்லது என்னைக் கேட்க மனசில்லையா? முதலாவது என்றால் வைத்தியம் உண்டு. இரண்டாவது என்றால் இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு என்ன அர்த்தம்? திரும்பி வந்ததும், காதைக் காட்டினால்தான் ஆச்சு என்று ஒற்றைக் காலில் நின்றார்.

மேஸ்திரி சம்மதித்துவிட்டார். பயத்தால் இல்லை. தன் இரைச்சலுக்கு ஒருவழியாகப் படித்தவர்கள் வாயால் ஒரு பாராட்டு கிடைக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பால்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கு இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கேட்கும் திறனைச் சோதிக்கும் பெண்ணிடம் அனுப்பினார். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. மேஸ்திரியை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, காதில் கருவி மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, எவ்வளவு மெல்லிசாகச் சத்தம் வந்தாலும் அமுக்குங்கள் என்று அந்தப் பெண் சொன்னார். மனைவி வெளியே, பெண்ணுக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

இந்த இடத்தில்தான் இந்த ரகத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு காரியம் நடந்தது. சோதனை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மேஸ்திரிக்கு அது பரீட்சையாகிவிட்டது. பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், அதுவும் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது. எதிர்ச் சுவரில் காதின் உட்புறத்தைக் காட்டும் ஒரு படம், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதில் பின்னால் இருக்கும் பெண்ணின் கை நிழலாகத் தெரிந்தது. கை அசைந்தால் சத்தம் அனுப்புகிறார் என்று மேஸ்திரி பிடித்துவிட்டார். அப்புறம் என்ன? கை அசையும், இவர் அமுக்குவார். அசையும், அமுக்குவார். நூற்றுக்கு நூறு.

வெளியே அந்தப் பெண், காது நன்றாகக் கேட்கிறது போலிருக்கிறதே என்று மனைவியிடம் சொன்னார். நல்ல செய்தி சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். மனைவி நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். பதில் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அக்கா விஷயத்தையும்கூட. உள்ளே மேஸ்திரி திரும்பி, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். தன் குடித்தனத்துக்குத் தானே கொள்ளி வைக்கிறோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது இரைச்சலை அளக்கும் சோதனை. அதாவது, காதுக்குள் கேட்பது எந்தச் சத்தத்தோடு ஒத்துப்போகிறது, எவ்வளவு பலம் என்று ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்துப் பார்ப்பது. மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த நேரம் இது. அந்தப் பெண் கட்டையான சத்தத்தில் ஆரம்பித்து மேலே மேலே போனார். இது இல்லை, இதுவும் இல்லை, என் வண்டு இதைவிட உசத்தி என்று மேஸ்திரி தள்ளிக்கொண்டே வந்தார். கீச்சுச் சத்தத்துக்கு வந்ததும் அவர் எதையும் தள்ளவில்லை, அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். பெண் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். மேஸ்திரி சாவகாசமாக, “என்னம்மா, மிஷின் நின்னுபோச்சா?” என்று கேட்டார்.

பெண் நிமிர்ந்து பார்த்தார். இதே சத்தத்தைத்தானே கொஞ்சம் முன்னால், இருப்பதிலேயே மெல்லிசாகக் கொடுத்தபோது டாண் டாண் என்று அமுக்கினார்? பழைய சோதனைக்குத் திரும்பி, சத்தமே அனுப்பாமல் கையை மட்டும் அசைத்தார். மேஸ்திரி அமுக்கினார். காதை வருடுவதுபோல் கையை உயர்த்தினார். அதற்கும் அமுக்கினார். பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கருவியைக் கழற்றிவிட்டு, படம் இல்லாத சுவரைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இனிமேல் பேச்சு வைத்து ஒரு சோதனை, பின்னாலிருந்து சொல்வதைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று காதருகே சத்தமாகச் சொன்னார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தினார். “வீட்ல பேசுற மாதிரியே ஏதாவது பேசுங்கம்மா. கத்த வேண்டாம்.”

மனைவிக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கணவரின் பின்னந்தலையைப் பார்த்தார். சட்டைக் காலரில் மரத்தூள் ஒட்டியிருந்தது. வீட்டில் பேசுகிற அதே குரலில், அந்த வாரமெல்லாம் மனசுக்குள் கிடந்ததைக் கேட்டார்.

“நான் பேசுனது எதுவும் உங்களுக்குக் கேக்கவே இல்லையா? இல்ல, கேட்டுட்டுதான் இத்தனை நாளும் சும்மா இருந்தீங்களா?”

மேஸ்திரி சுவரைப் பார்த்தபடி, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

“என்னம்மா, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்தப் பெண்ணுக்கே விளங்கவில்லை. இரண்டும்தான். கேட்டுவிட்டுச் சும்மா இருந்த மனுஷன் இல்லை. கேட்கவே கேட்காத மனுஷன். அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே, இவ்வளவு காலமும் சுவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்ற துக்கமும் இருந்தது.

மறுபடி ஒழுங்காகச் செய்த சோதனையில் எல்லாம் வெளியே வந்தது. லாரிக்காரரின் கட்டைக் குரல் கேட்கும். மனைவியுடையது போன்ற சன்னக் குரல்கள் போய்விட்டன. ரம்பம் கொண்டுபோய்விட்டது. இரைச்சலில்தான் பேச்சு மறைந்துபோகிறது என்று மேஸ்திரி கடைசியாக ஒரு தடவை வாதாடிப் பார்த்தார். “இரைச்சல் எதையும் மறைக்கல சார். கேக்காமப் போன இடத்துலதான் அது வந்து உக்காந்திருக்கு” என்றார் அந்தப் பெண். போதாக்குறைக்கு வண்டின் பலத்தையும் அளந்து சொன்னார். அவர் காதுக்கு எட்டுகிற மிக மெல்லிய சத்தத்தைவிட ஒரு துளிதான் கூட. காதுக்குக் கருவி வைத்துக்கொண்டு பேச்சு நன்றாக விழ ஆரம்பித்தால், பலருக்கு இரைச்சலின் தொல்லையும் குறைகிறது என்றார். கேட்காமல் போனதுகூட மேஸ்திரியை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. அந்த ஒரு துளி என்ற வார்த்தைதான் அவரைப் படுத்திவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அவர்களுடைய மிஷின் சரியில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

நீங்கள் இந்த ரகம் இல்லை, தெரியும். உங்களுக்கு ரம்பமும் இல்லை, வண்டும் இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டுக்கொள்கிறவர். அதனால்தான் வீட்டில் யாரும் உங்களிடம் எதையும் இரண்டாவது தடவை சொல்வதில்லை என்று இவ்வளவு நாளும் பெருமையாக நினைத்திருப்பீர்கள். இன்றைக்குச் சாப்பிடும்போது, முதல் தடவையாவது உங்களிடம் யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.