தோணி வராத படம்

படத்தில் எழுத்து ஓடாது என்ற சேதி வந்தபோது அச்சுதன்குட்டி மாஷ் பாதி முகத்துக்குச் சவரம் செய்து முடித்திருந்தார்.

“எழுத்து ஓடலைன்னா என்ன?” என்றார், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“அடியில இங்கிலீஷ் வராது மாஷே,” என்றான் வாசலில் சைக்கிளோடு நின்ற அந்தப்பன். அவன் கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா. மாங்காட்டுக்கரை பிலிம் சொசைட்டியின் செயலாளரும் அவனே. “டைரக்டர்கிட்டேருந்து தந்தி வந்திருக்கு. இங்கிலீஷ் போட்ட பிரதி வெளிநாட்டுக்குப் போயிடுச்சாம். நமக்கு வந்தது வெறும் ஒரியா. சாயங்காலம் ஊரே வந்து உக்காரப்போவுது. யாருக்கு என்ன புரியும்?”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“திரைக்குப் பக்கத்துல மைக் வச்சிடறேன். அவங்க பேசப் பேச நீங்க மலையாளத்துல சொல்லிட்டே வந்தாப் போதும்.”

மாஷின் கத்தி கன்னத்திலேயே நின்றது. அவர் பள்ளிக்கூடத்து ஹிந்தி வாத்தியார். ஹிந்தியே அவருக்குப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின அளவுக்குத்தான் தெரியும். ஒரு தடவை ரயிலில் ஒரு பீகார்க்காரரோடு ஹிந்தி பேசிப் பார்த்தார். அந்த மனுஷர் பரிதாபப்பட்டு பிஸ்கட் கொடுத்துவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

“ஒரியா எனக்கு எங்கேப்பா...” என்று ஆரம்பித்தார்.

“ஹிந்தி தெரிஞ்சவனுக்கு வடக்கத்தி பாஷை எல்லாம் பக்கத்து வீடு மாதிரின்னு நீங்கதானே வாசகசாலையில சொன்னீங்க?” உள்ளேயிருந்து வந்தது விலாசினியின் குரல். கட்டின மனைவி. வேறு யாராக இருந்தாலும் மாஷ் மறுத்திருப்பார்.

“பார்த்தீங்களா, சேச்சியே சொல்லிட்டாங்க,” என்று சைக்கிளைத் திருப்பினான் அந்தப்பன்.

மாஷுக்கு ஒரேயொரு தைரியம் இருந்தது. கதை அவருக்குத் தலைகீழ் மனப்பாடம். அதே ஊர்க்காரர் சேகர பிஷாரடி எழுதிய ‘வெறுந்தோணி’. ஆற்றுக்குப் பாலம் வந்தபிறகும் தினம் சாயங்காலம் வெறும் தோணியைத் துழாவிக்கொண்டு போகும் சாமிக்குட்டி என்ற கிழவனின் கதை. பெண்டாட்டி செத்து, மகன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவன். அந்தக் கதையை ஒரியாக்காரர் ஒருத்தர் படமாக எடுத்து, படத்துக்குப் பரிசும் கிடைத்தது. ஆனால் மாங்காட்டுக்கரையில் ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை. ‘உங்க கதையை ரொம்ப மாத்திட்டாங்க’ என்று கல்கத்தாவிலிருந்து வந்த யாரோ பிஷாரடியின் காதில் போட்டுவிட்டுப் போக, அன்றைக்கு மூடின பேனாவை அந்த மனுஷர் இன்னும் திறக்கவில்லை. படத்தைப் பார்த்தபிறகு டைரக்டர் மேல் கேஸ் போடுவதாக வக்கீலிடமும் பேசி வைத்திருந்தார்.

படம் முடிந்ததும் ‘கதையும் படமும்: ஓர் ஒப்பீடு’ என்று மாஷ் பேசவேண்டும் என்பது ஏற்பாடு. கட்டுரையைப் போன வாரமே எழுதி முடித்துவிட்டார். கதையைப் படம் கெடுத்துவிட்டது என்று சொல்லப் படத்தைப் பார்த்தாகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட ஹால் நிரம்பிவிட்டது. முன்வரிசை நடுவில் பிஷாரடி, வெள்ளை வேட்டி, கடுகடுத்த முகம், பக்கத்தில் வக்கீல். பட்டாம்பியிலிருந்து வந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருத்தர் அடுத்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருந்தார். மொய்தூட்டி தகரப் பெட்டியிலிருந்து பிலிமை எடுத்து மாட்டிப் புரொஜெக்டரை ஓட்டினான். திரையில் ஜாங்கிரி பிழிந்த மாதிரி எழுத்துக்கள் வந்து போயின. எல்லாரும் பயபக்தியோடு பார்த்தார்கள்.

முதல் காட்சி. பொட்டல் வெளி. ஒருத்தன் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தான். தோண்டினான், தோண்டினான், தோண்டிக்கொண்டே இருந்தான்.

மாஷ் ஆற்றைத் தேடினார். இல்லை.

“இவன்தான் சாமிக்குட்டி,” என்றார் மைக்கில். வேறென்ன சொல்ல?

“ஆறு எங்கேடோ?” என்றார் பிஷாரடி முன்வரிசையிலிருந்து.

“வரும் பிஷாரடி. தோண்டிட்டு இருக்கான்ல.”

ஹாலில் ஒரு சலசலப்பு. பேராசிரியர் கண்ணைத் திறந்து, “ஆற்றையே தோண்டுறான்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்வரிசைவரை கேட்டது.

திரையில் கக்கத்தில் குடையோடு ஒரு ஆள் வந்தான். குழியின் ஓரத்தில் நின்று பேச ஆரம்பித்தான். கையை நீட்டி, மடக்கி, விரல்விட்டு எண்ணி எண்ணிப் பேசினான். மாஷ் உற்றுக் கேட்டார். ‘பானி’ என்ற மாதிரி ஒரு சொல் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் காற்று.

“தண்ணி,” என்றார் மாஷ்.

குடைக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். ஜனம் மாஷையே பார்த்தது.

“அவ்வளவு பேச்சுக்கு ஒரு வார்த்தைதானா மாஷே?” என்றான் அந்தப்பன், பக்கத்தில் வந்து குசுகுசுவென்று.

“ஒரியா நீளமான பாஷை,” என்றார் மாஷ்.

அதற்குச் சாமிக்குட்டி ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். கணக்கைச் சரிக்கட்ட வேண்டுமே என்று மாஷ், “இந்த ஆத்துத் தண்ணி என் வயசை எடுத்துட்டுப் போச்சு, பாலம் என் பிழைப்பை எடுத்துட்டுப் போச்சு, இனி எடுக்க எங்கிட்ட என்ன இருக்கு?” என்று கதையிலிருந்த வசனத்தை முழுக்க எடுத்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. மாஷுக்குத் தெம்பு வந்தது.

வந்த தெம்பு நிலைக்கவில்லை. நெற்றி நிறையப் பொட்டும் வாய் நிறையச் சிரிப்புமாக ஒரு பெண்பிள்ளை வந்து சாமிக்குட்டிக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

பிஷாரடி எழுந்துவிட்டார். “யாரு இவ? என் கதையில பொம்பளையே கிடையாது. சாமிக்குட்டியோட பெண்டாட்டி முதல் வரியிலயே செத்துட்டா. வக்கீலே, குறிச்சுக்கோங்க.”

வக்கீல் பேனாவை எடுத்தார்.

“செத்த பெண்டாட்டிதான் அவ,” என்றார் மாஷ் அவசரமாக. “அவன் கண்ணுக்கு மட்டும் தெரியறா.”

பிஷாரடி மெல்ல உட்கார்ந்தார். வக்கீலின் பேனா காற்றில் நின்றது.

அந்தச் சமயம் பார்த்துக் குடைக்காரன் அவள் கையிலிருந்து செம்பை வாங்கி மடமடவென்று குடித்தான்.

“அவன் கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சா?” என்றார் பிஷாரடி.

மாஷ் வியர்வையைத் துடைத்தார். “அவனும் செத்தவன்தான்.”

“ஹோ,” என்றது ஹால்.

அடுத்து ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் வந்து குழியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் எல்லாருக்கும் பொரி கொடுத்தாள். எல்லாரும் வாங்கித் தின்றார்கள். பிஷாரடி மாஷைப் பார்த்தார். மாஷ் திரையைப் பார்த்தார். தப்பிக்க வழியே இல்லை.

“ஊரே செத்துப்போச்சு,” என்றார் மாஷ். “பாலம் வந்தப்புறம் உயிரோட இருக்கறது சாமிக்குட்டி ஒருத்தன்தான். அவனுக்குத்தான் அது தெரியலை.”

பேராசிரியர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். விலாசினி மட்டும் பெண்கள் வரிசையிலிருந்து புருஷனை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு நேரம் கழித்து வந்ததற்குக் காரணம் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது இப்போதும்.

அதற்குள் குழியில் தண்ணீர் வந்துவிட்டது. ‘தோணி எங்கே?’ என்று பிஷாரடி கேட்பதற்குள் மாஷ் முந்திக்கொண்டார்.

“தோணி வராது. கதையில வெறும் தோணி. படத்துல தோணியே வெறுமை.”

இதைச் சொன்னது தானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

சாமிக்குட்டி ஒரு கூடையிலிருந்து வெள்ளைப் பொடியை அள்ளித் தண்ணீரில் தூவினான். குடைக்காரன் எங்கெங்கே தூவவேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டினான்.

“மகனோட சாம்பல்,” என்றார் மாஷ். குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

“மகன் ஓடிப்போனான்னுதானே நான் எழுதினேன்,” என்றார் பிஷாரடி. ஆனால் சத்தமில்லை. கேள்வி கேட்ட மாதிரியும் இல்லை.

அடுத்த கூடையில் சாணம் வந்தது. மாஷ் இதற்கு ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து நின்றார். ஹாலும் கூடவே தலையைக் குனிந்தது. சிலநேரம் மொழிபெயர்க்காமல் விடுவதும் மொழிபெயர்ப்புதான் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பிடிபட்டது.

கடைசியாக வலை போட்டார்கள். வலை நிறைய வெள்ளிவெள்ளியாகத் துள்ளல். ஊரே சிரித்தது, பொட்டுக்காரி சிரித்தாள், குழந்தைகள் குதித்தன. குடைக்காரன் கைக்குழந்தை அளவுக்குப் பெரிய மீன் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிச் சாமிக்குட்டியிடம் கொடுத்தான். சாமிக்குட்டி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜனத்தைப் பார்த்துச் சிரித்தான். மறுபடியும் ஜாங்கிரி எழுத்து. அத்தோடு திரை வெளுத்தது.

மாஷ் மைக்கை நெருங்கி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“மகன்.”

விளக்குப் போட்டபோது பிஷாரடியின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தது.

“இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிடுச்சே,” என்றான் அந்தப்பன்.

“எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்ச டைரக்டர்,” என்றார் பேராசிரியர்.

மாஷ் எழுதி வைத்திருந்த கட்டுரை சட்டைப்பையிலேயே தங்கியது. அவர் பேசியது வேறு. கதை ஆற்றின் மேலே ஓடுகிறது, படம் ஆற்றின் அடியைத் தோண்டிப் பார்க்கிறது என்றார். கதையில் ஒருத்தன் ஊரை இழக்கிறான், படத்தில் ஊரே அவனை இழந்துவிட்டு வந்து பொரி தின்கிறது என்றார். ஒவ்வொரு வாக்கியமும் எங்கே போய் முடியும் என்று தெரியாமலேயே ஆரம்பித்தார். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் நடுவில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. கதையைப்பற்றி இருபது வருஷமாகத் தனக்குத் தோன்றாததெல்லாம் இப்போது தோன்றுகிறதே, அது எப்படிப் பொய்யாகும் என்று அவர் மனசு அவருக்காகவே வாதாடியது.

பேராசிரியர் எழுந்து, மண்வெட்டிக் காட்சியின் நீளத்தைப்பற்றி அந்தக் காட்சியைவிட நீளமாகப் பேசினார். குடையை அவன் கடைசிவரை விரிக்காததில் பெரிய அர்த்தம் இருக்கிறது என்று தபாலாபீஸ் போஸ்ட்மாஸ்டர் சொன்னார். அது என்ன அர்த்தம் என்பதில் இரண்டு கட்சி உண்டாகி, கொஞ்சநேரம் அடிதடி வந்துவிடும்போல இருந்தது.

பிறகு பிஷாரடி மேடை ஏறினார். மாஷ் மைக்கை அவரிடம் விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

“நான் சண்டை போடணும்னுதான் வந்தேன்,” என்றார் பிஷாரடி. “வக்கீல் தெரியும்ல உங்களுக்கு, அவரையும் கூட்டிட்டு வந்தேன். சாமிக்குட்டியை நான்தான் பெத்தேன்னு எனக்கு ஒரு திமிரு. ஆனா அவனுக்கு நான் ஒரு சந்தோஷமும் குடுத்ததில்லை. கதையை முடிச்சப்போ அவனை ஆத்து நடுவுல தனியா விட்டுட்டு நான் சாப்பிடப் போயிட்டேன். எங்கேயோ இருக்கற ஒருத்தர், என் பாஷைகூடத் தெரியாதவர், அவனைக் கரைக்குக் கொண்டுவந்து, பெண்டாட்டியைத் திருப்பிக் குடுத்து, கையில மகனையும் குடுத்திருக்காரு.”

மாஷ் பக்கம் திரும்பினார்.

“நாளைக் காலையில நான் மறுபடி எழுத உக்காரப்போறேன். எடோ அச்சுதா, நீ சொல்லலைன்னா எனக்கு இதொண்ணும் விளங்கியிருக்காது. உனக்குக் கோயில் கட்டணும்டோ.”

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. டைரக்டருக்கு ஊர் சார்பில் வாழ்த்துத் தந்தி அனுப்புவதென்று அங்கேயே தீர்மானமாயிற்று. வக்கீல்தான் வாசகம் எழுதினார். பிஷாரடி தன் தோளில் கிடந்த நேரியது என்ற மேல்துண்டை எடுத்து மாஷுக்குப் போர்த்தினார்.

கூட்டம் பிஷாரடியைச் சூழ்ந்துகொண்டதும் மாஷ் காற்று வாங்க வராந்தாவுக்கு வந்தார். விலாசினி அங்கே தூணோரம் நின்றிருந்தாள்.

“நிஜமாவே உங்களுக்கு ஒரியா தெரியுமா?”

“பாஷையில என்னடி இருக்கு? எல்லாம் மனசுலதான் இருக்கு,” என்றார் மாஷ், நேரியதைச் சரிசெய்துகொண்டு. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். இப்போது வரவில்லை.

அப்போது பள்ளிக்கூட வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சட்டையெல்லாம் வியர்வையாக ஒரு ஆள், மொய்தூட்டியிடம் இருந்த மாதிரியே ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடிவந்தான்.

“பிலிம் சொசைட்டி இதுதானே சார்? ரயில்வே பார்சல்ல பெட்டி மாறிடுச்சு. எங்களுதும் ஒரிசாவுலேருந்து வந்த படம்தான். நான் பிளாக் ஆபீஸ்லேருந்து வரேன். குளத்துல மீன் வளர்க்கக் கத்துக்கலாம்னு வந்த விவசாயிங்க அத்தனை பேரும், யாரோ ஒரு கிழவன் வெறும் தோணியைத் தனியாத் துழாவிட்டுப் போறதைப் பார்த்துட்டு, வீட்டுக்கும் போகாம உக்காந்து அழுதுட்டிருக்காங்க. சீக்கிரம் எங்க மீன் படத்தைக் குடுங்க சார்.”