நீல நிறக் கட்டத்தின் மகிமை

மனித குலம் இதுவரை எட்டிய உயரங்களில் தலையாயது, ஓஹையோ மாநிலத்தில் எங்கள் வாடகைக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடமே. அதன் பராமரிப்பாளன் நான் என்பதால் இதை அடக்கத்துடன் சொல்கிறேன்.

வீட்டுவசதி ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை வருவதாகத் தகவல் வந்ததும், மேலாளர் ரோண்டா கோவால்சிக் 'அவசர உயர்மட்டக் கூட்டம்' கூட்டினார். கூட்டத்தில் அவரும் நானும் இருந்தோம்.

"கர்ட்டிஸ், வாசலுக்கு முன்னாடி மாற்றுத்திறனாளிகளுக்குன்னு ஒரு இடம் இருக்கணும். பளிச்சுன்னு இருக்கணும்."

நீல வண்ணத்தில் கட்டம் வரைந்தேன். சக்கர நாற்காலிச் சின்னம் போட்டேன். அறிவிப்புப் பலகையின் உயரத்தை மூன்று முறை அளந்தேன். கட்டடத்தின் பின்பக்க நிறுத்துமிடத்தில் முழங்கால் ஆழப் பள்ளம் ஒன்று இருந்தது. அதற்குத் தார் வாங்க நேரமில்லை. மேப்பிள் மரங்கள் தாராளமாக உதிர்த்திருந்த இலைகளைக் கூட்டி அதை நிரப்பினேன். 'இயற்கைவழிச் சீரமைப்பு' என்று ரோண்டா பதிவேட்டில் எழுதினார்.

வெர்னன் டிப்ஸ் கீழ்த்தளத்தில் இருப்பவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், இடக்கால் செயற்கைக் கால். திங்கள் மாலை காரை நீலக் கட்டத்துக்குத் திருப்பினார். ரோண்டா போக்குவரத்துக் கூம்புகளோடு குறுக்கே நின்றார்.

"இது யாருக்கும்மா போட்டது?"

"மாற்றுத்திறனாளிகளுக்கு, மிஸ்டர் டிப்ஸ்."

"அப்ப எனக்குத்தானே?"

"உங்களுக்கேதான். ஆனா டயர் பட்டா பெயிண்ட் போயிடும். ஆய்வு முடியட்டும்."

"அதுவரைக்கும்?"

"பின்பக்கம் நிறைய இடம் இருக்கு. நடந்தா உடம்புக்கும் நல்லது."

வெர்னன் என்னைப் பார்த்தார். நான் கூம்பை நேராக்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, தன் காரை நோக்கி நடந்தவர் இலைகளின் மேல் கால் வைத்தார். நான் ஓடிப்போனபோது வலக்கை அடியில் மடங்கிக் கிடந்தது. முகம் வெளுத்திருந்தது.

"பள்ளம் இருக்குன்னு தெரியும் தம்பி, மூணு கடுதாசி எழுதினவன் நான்தானே. மூடிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் நீலக் கட்டத்தில் ஏறப் பார்த்தது. ரோண்டா மரியாதையாக அதைத் தெருவுக்கு அனுப்பினார். வெர்னனைத் தூக்குப் படுக்கையில் வைத்து, கட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு கலைந்த இலைகளை மறுபடி சீராகப் பரப்பினேன்.

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். "ஒரு டயர் தடம்கூட இல்லையே" என்று வியந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

வியாழக்கிழமை ரோண்டா தந்த கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். நிறுத்துமிடத்தில் 'வாகனமின்றிப் பதினான்கு நிமிடங்கள் கிடந்து, வழியை மறித்ததற்கான' முதல் எச்சரிக்கை அது. வெர்னன் நிதானமாகப் படித்தார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன்.

மாவுக்கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"நீயே போட்டுடு தம்பி. இலையைப் போட்டதும் உன் கைதானே."