சுதந்திர போனில் தண்ணீர்ச் சீட்டு

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தது. அதன் கதையைச் சொல்ல வேறு யாரும் முன்வராததால், அந்த ஆமையாகிய நானே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் காட்டில் எல்லா விலங்குகளிடமும் போன் உண்டு. அந்தப் போன்களில் ஓடும் இயங்குதளம் இரண்டே இரண்டுதான். ஒன்றை வெள்ளைப்புலி செய்தது. அதன் விலை யானைக்குத்தான் கட்டுப்படியாகும். இன்னொன்றைச் சிறுத்தை செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. யார் எங்கே மேய்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்று அது விடாமல் குறித்துக்கொண்டே இருக்கும். ஏன் என்று கேட்டால், 'அனுபவத்தை மேம்படுத்த' என்று திரையில் வரும். யாருடைய அனுபவத்தை என்று வராது.

இது அநியாயம் என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான்: தலைவர் முள்ளம்பன்றி, செயலாளர் நான், உறுப்பினர் உடும்பு. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய ஓர் இயங்குதளத்தைச் செய்தோம். 'கட்டவிழ்' என்று பெயர் வைத்தோம். அதற்குச் சின்னம் புற்றா, பனித்துளியா என்று பதினொரு மாதம் சண்டை போட்டோம். அந்தச் சண்டை முழுவதும் சிறுத்தையின் அரட்டைச் செயலியில்தான் நடந்தது. எல்லாரும் அங்கேதானே இருக்கிறார்கள்.

கோடையில் ஒரு நாள் பூங்காவனம் என்ற புள்ளிமான் எங்கள் கூட்டத்துக்கு வந்தாள். வெளியாள் ஒருவர் கூட்டத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

"போன மாசம் என் மூத்த குட்டி போயிடுச்சுண்ணே," என்றாள் என்னிடம். "பொதருக்குள்ள மூச்சு விடாமப் படுத்திருந்துச்சு. சிறுத்தை தேடவே இல்ல. நேரா அந்தப் பொதருக்குத்தான் வந்துச்சு. இன்னொன்னு இருக்கு, பொறந்து இருபது நாள்தான் ஆகுது."

 நான் நாற்பது நிமிடம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் அவள் போனிலிருந்து சிறுத்தையை அழித்துவிட்டுக் கட்டவிழை ஏற்றிக் கொடுத்தேன்.

"இதுல தண்ணிச் சீட்டு வருமாண்ணே?"

கோடையில் வற்றாமல் இருப்பது ஒரே ஒரு குளம். வனசபை அதற்கு வேலி போட்டு, ஒரு போனுக்கு நாளைக்கு ஒரு சீட்டு என்று செயலி விட்டிருந்தது. சிறுத்தையோ வெள்ளைப்புலியோ முத்திரையிடாத போனில் அந்தச் செயலி திறக்காது.

"அடுத்த பதிப்புல வந்துடும்மா," என்றேன்.

"அதுவரைக்கும் நீங்கல்லாம் எப்படிக் குடிக்கறீங்க?"

"எங்களுக்கு அவ்வளவாத் தேவைப்படாது."

அந்த நேரம் பார்த்து, என் ஓட்டுக்குள் இருந்த இன்னொரு போன் அதிர்ந்தது. இருமிச் சமாளித்தேன்.

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் குளத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் பூங்காவனம் நின்றாள். அத்தனை நாளும் இலையைக் கடித்தே சமாளித்திருக்கிறாள், பால் வற்றிவிட்டது. காவல் குரங்கு அவள் போனை வாங்கிப் பார்த்தது.

"'இந்தக் கருவி நம்பத்தகுந்ததல்ல'ன்னு வருது. தள்ளி நில்லும்மா."

"குட்டிக்குப் பால் இல்லீங்க."

"அதுக்கு இதுல பட்டன் இல்லியே."

நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். எங்கள் சங்கத்தில் இந்த வசதி எனக்கு மட்டும்தான் உண்டு. அப்போது என் ஓட்டுக்குள்ளிருந்து சிறுத்தை நிறுவனத்தின் இனிய குரல் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "வணக்கம், ஆமை அவர்களே. உங்கள் முறை வந்துவிட்டது."

பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்ற தலைவர் தன் முட்களுக்கிடையே எதையோ ஆழமாகச் செருகிக்கொண்டார்.

"இது எத்தன நாளா இருக்குண்ணே?"

"சும்மா, சோதனைக்கு வெச்சிருக்கேன்."

"எதைச் சோதிக்க?"

 எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகத் தாகமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் கத்தவில்லை. குனிந்து, என் ஓட்டுக்குள் வாயை விட்டு அந்தப் போனைக் கவ்வி எடுத்தாள். தன் போனை என் முன்னால் வைத்தாள்.

"கடவுச்சொல் என்ன?"

"ஆமை123," என்றேன். காட்டுக்கே பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன் நான். வரிசையின் கடைசியில் உடும்பு சிரிப்பது கேட்டது.

"இனிமே இது எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "நான் போற எடமெல்லாம் ஆமை போற எடம்னு சிறுத்தை எழுதிக்கும். ஓட்டைக் கடிக்கவா அது வரப்போவுது? உங்களுக்கு ஓடு இருக்குண்ணே. அதான் சுதந்திரத்தைப் பத்தி நாப்பது நிமிசம் பேச முடியுது. எனக்கு அது நெசமாவே வேணும், ஆனா தண்ணி இன்னிக்கே வேணும்."

போனைக் குரங்கிடம் நீட்டினாள். குரங்கு திரையைப் பார்த்தது, மானைப் பார்த்தது, மறுபடியும் திரையைப் பார்த்தது.

"ஆமைன்னு போட்டிருக்கு. சரி, ஆமை உள்ள போ."

அவள் வெகுநேரம் குடித்தாள். குட்டி பிழைத்துக்கொண்டது. குட்டி படுக்கும் புதர்ப் பக்கம் சிறுத்தை இன்றுவரை வரவில்லை. ஒரே நாளில் நாற்பது கிலோமீட்டர் ஓடியதற்காக எனக்குப் பாராட்டுச் செய்தி மட்டும் வந்ததாம்.

அவள் போன பிறகு நான் வாசலுக்கு நகர்ந்துபோய், "நான்தான் ஆமை," என்றேன்.

"ஆமை இப்பதான் குடிச்சுட்டுப் போச்சு," என்றது குரங்கு.

வீட்டுக்கு வந்து, தண்ணீர்ச் சீட்டு திறக்கவில்லை என்று கட்டவிழ் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு புகார் பதிந்தேன். தலைவரிடமிருந்து உடனே பதில் வந்தது: "என் போனில் நன்றாகத்தானே திறக்கிறது."

நீதி: யாருக்கும் சொந்தமில்லாத இயங்குதளம் எல்லாருக்கும் கட்டாயம் வேண்டும். அது தயாராகும்வரை, அதற்காகப் போராடுகிறவரின் இரண்டாவது போனைப் பிடுங்கிக்கொள்ளவும்.