சட்டைப்பைக்குள் ஒரு புருஷன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்ல முடியாது. என் மனைவி அடுப்பங்கரையில்தான் இருக்கிறாள்.

எனக்குத் தொழில் தையல். அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கினால் போதும், போன் அடிக்கும். வீட்டிலிருந்துதான். குழாய் ஒழுகுவதில் தொடங்கி என் வம்சத்தில் முடிப்பாள். அதற்குள் கையைத் தூக்கினவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மாட்டேன் என்று நின்றேன். கடையில் பாதியை அவள் தம்பிக்குத் தர வேண்டுமாம், ஜெராக்ஸ் போட. பாதிக் கடையில் நான் என்னத்தை வெட்டுவது? கைக்குட்டைதான் வெட்டலாம்.

அதனால் ஒருநாள் சபதம் போட்டேன்: இனி அவள் போனை எடுப்பதில்லை! பக்கத்து செல்போன் கடைக்காரர் அதற்கு வழி சொன்னார்.

"உங்க குரல்லயே ஒரு ஆளைச் செஞ்சு போன்ல வெச்சிடலாம்ணே. அண்ணி கூப்பிட்டா அதுவே எடுத்துப் பேசும்."

"அப்போ எனக்கு என்ன வேலை?"

"கேரம் ஆடலாம்."

குரலைப் பிடிக்க அரை மணி நேரம் விடாமல் பேசச் சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படிப் பேசின பழக்கமே இல்லை. திணறிப் போனேன்.

"சண்டை வந்துடக் கூடாதுப்பா," என்றேன்.

"எதையும் மறுத்துப் பேசாதபடி வெச்சிருக்கேன்ணே."

ஆஹா, சொர்க்கம்! பகலெல்லாம் கேரம். வீட்டுக்குப் போனால் அவள் முகத்தில் சிரிப்பு. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

ஒருநாள் காலை கடைக்குப் போனால் வாசலில் ஒரு வண்டி. வண்டி மேல் ஜெராக்ஸ் மெஷின். பக்கத்தில் மச்சினன். அவன் பக்கத்தில் என் மனைவி.

"என்னடா இது?"

"நீங்கதானே மாமா சரின்னீங்க?"

"நான் எப்போடா சொன்னேன்?"

"நேத்து போன்ல," என்றாள் அவள். "'உன் தம்பி எனக்கும் தம்பி மாதிரிதான், பாதிக் கடையை எடுத்துக்கட்டும்'னீங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

நான் சொல்லவில்லை என்றால், இத்தனை நாள் போனில் அவளோடு பேசினது யார் என்று கேட்பாள். நான்தான் என்றால், பாதிக் கடை போச்சு! மானமா, கடையா? கடைதான்.

"அது நான் இல்லடி! மெஷின்!"

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"முதல் நாளே 'சாப்டியாம்மா'ன்னு கேட்டுச்சு. நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டேவா அதுகிட்ட கடையைக் கேட்டே? அது சொன்னா நான் சொன்னதா ஆயிடுமா?"

"உங்களுக்குப் பதிலாப் பேசத்தானே வெச்சீங்க? குழாய் ஒழுகுதுன்னா அது நீங்க. கடை கேட்டா வேற யாரோவா?"

நியாயம் மாதிரியும் இருந்தது, அநியாயம் மாதிரியும் இருந்தது. வாயைத் திறந்தேன். அவள் கை காட்டி அடக்கினாள்.

"நடுத்தெருவுல எதுக்குங்க சண்டை? அவரையே கேட்டுடலாம்."

தன் போனில் எதையோ தட்டினாள். என் சட்டைப்பை அதிர்ந்தது. நான் கையை விடுவதற்குள் உள்ளேயிருந்து என் குரலிலேயே ஒருத்தன் குழைந்தான்: "சொல்லும்மா."

"என்னங்க, தம்பி வந்துட்டான். இங்க ஒருத்தர் வழியை மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. மெஷினை இறக்கலாமா?"

"தாராளமா இறக்கட்டும்மா. அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."

நான் என் நெஞ்சைக் குனிந்து பார்த்தேன். மச்சினனும் என் நெஞ்சைத்தான் பார்த்தான்.

"கேட்டீங்கல்ல? என் வீட்டுக்காரரே சொல்லிட்டாரு," என்றபடி என் கையிலிருந்த கடைச்சாவியை உருவிக்கொண்டு போய், ஷட்டரைத் தூக்கிவிட்டாள்.