மூடி போட்ட மிஷின்

எந்த விஷயத்துலயும் பொண்டாட்டி பேச்சைக் கேக்கலாம். தொழில்ல மட்டும் கேக்கக் கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கினவன் நான். பேரு குப்புராஜ். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிங்களுக்கு மரப்பெட்டி அடிச்சுக் குடுக்கிறேன்.

பிளேடுக்கு மேல மூடி இல்லாத மரம் அறுக்கிற மிஷின் இனிமே கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு கம்பெனில கறாரா சொல்லிட்டாங்க. மூடி வச்ச மிஷின் வெலையக் கேட்டா மயக்கமே வந்துடும். நானா ஏமாறுவேன்? மூடி இல்லாததா ஒண்ணு வாங்கி ஊட்டாண்டயே போட்டேன். பெட்டி மட்டும் உள்ள போனாப் போதாதா?

"இன்னாய்யா இது, பல்லை இளிச்சுக்கினு நிக்குது? மூடி எங்க?"ன்னா என் சம்சாரம் கன்னியம்மா.

"ஒரு தகரத்துக்கு அவ்ளோ டப்பு அழணுமாமே?"

"வெரலு போச்சுன்னா?"

"எத்தினி வருசமா அறுக்கிறேன்! பத்தும் இருக்குது பாரு."

நீட்டின கையைக் கெட்டியாப் புடிச்சுக்கினா.

"வெரலு உன்னுது, எப்பிடியோ போ. மோதிரம் எங்கப்பா போட்டது. வெரலோட அதுவும் போவணுமா? கழட்டு."

கல்யாணத்தன்னிக்கு ஏறின மோதிரம். எனக்குன்னு இருந்த ஒரே தங்கம். சோப்பு போட்டு இழுத்தப்புறம்தான் வந்துச்சு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா இவ இவ்ளோ சீக்கிரம் வழிக்கு வந்துட்டாளேன்னு ஒரு குஷி.

மறுநாள் பொன்னேரி போய் பலகை எடுத்துக்கினு வந்தா, என் மிஷினைக் காணோம். அந்த எடத்துல மூடி போட்ட புது மிஷின்!

"பழசைக் கடையில குடுத்து மாத்திட்டேன். மேல கேட்ட காசுக்கு மோதிரத்தை வித்துட்டேன்."

"அடிப்பாவி! உங்கப்பா போட்டதுன்னியே!"

"அவுரு போட்டாரு, அவுரு பொண்ணு வித்தா. உனக்கு இன்னா நோவு?"

ஆத்திரத்துல மூடியைக் கழட்டிக் கடாசினேன். மிஷின் ஓட மாட்டேங்குது. மூடி இருந்தாத்தான் ஓடுமாம். அதையும் கேட்டுப் பாத்துத்தான் வாங்கினாளாம். திரும்ப எடுத்து மாட்டினேன்.

"மோதிரம் வித்ததுல மிச்சம் இருக்கணுமே?"

"இருந்துச்சே"ன்னு முடியை ஒதுக்கினா. காதுல புதுக் கம்மல்.

அந்த மோதிரத்தை நான் கழட்டியிருக்கவே கூடாது. இன்னிக்கு என் பத்து வெரலும் பத்திரமா இருக்கு. அவ காதைப் பாக்கிறப்பல்லாம் ஒரு வெரலு மட்டும் வலிக்குது.