வால்டெமாரின் மேளமும் டாக்டரின் சந்தேகமும்

"மேளமா?" என்றார் டாக்டர் எச்செனிக்கே. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று சுருங்கிவிட்டது.

"ஆமா டாக்டர். பிப்ரவரியில ஷமாதாஸ் மேள ஊர்வலம். நாப்பது வருஷமா எங்க கோஷ்டியில பெரிய மேளம் அடிக்கிறவன் நான். போகலாமில்ல?"

வால்டெமார், மாண்டிவிடியோ நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அக்டோபரில் மாரடைப்பு வந்தபோது, அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் இதே டாக்டர்தான். சிகிச்சை மேஜையில் படுத்திருந்தபோதே, டாக்டர் நர்ஸிடம் சொன்னது வால்டெமாரின் காதில் விழுந்தது: "மூணுக்கு மூணு! ரத்தம் தங்குதடையில்லாம ஓடுது." பூஜ்யம் என்றால் ஓட்டமே இல்லை, மூன்று என்றால் முழு ஓட்டம், மூன்று வாங்கியவர்கள்தான் பின்னாளில் நன்றாக இருக்கிறார்கள் என்று பிறகு விளக்கமும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் முழு மதிப்பெண் பார்த்திராத வால்டெமார், இதைப் பேட்டை முழுக்கச் சொல்லித் தீர்த்தார்.

"மூணுங்கறது சும்மா உக்காந்திருக்கறதுக்கு," என்றார் டாக்டர் இப்போது. "மேளத்துக்கு வேற கணக்கு. டிரெட்மில்லுல ஓடிக் காட்டுங்க."

ஓடினார். நர்ஸ் போதும் போதும் என்று கெஞ்சும்வரை ஓடினார்.

"பரவாயில்லை. ஆனா மேளம் எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியணுமே. கொண்டாங்க."

அடுத்த வாரம் பஸ்ஸில் மேளத்துக்கும் ஒரு சீட் பிடித்து வந்து சேர்ந்தார். டாக்டர் அதைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு அறைக்குள் நாலு நடை நடந்தார்.

"வார் கழுத்தை அறுக்குதே?"

"தோள் ஓரமா விடுங்க டாக்டர். அப்படித்தான்."

"ம்... ரொம்பக் கனம். யோசிக்கணும்."

வால்டெமாருக்கு மனைவி நிபியா மேல் சந்தேகம் வந்தது. அவளுக்கு மேளச் சத்தம் ஆகாது.

"நீதானே டாக்டர்கிட்ட வத்தி வெச்சே?"

நிபியா அலமாரியைத் திறந்து அவருடைய ஊர்வலச் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"எளைச்சிட்டீங்களேன்னு ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சு வெச்சிருக்கேன். சத்தம் பிடிக்காதுதான். ஆனா நீங்க சத்தமில்லாம உக்காந்திருக்கறதைப் பாக்க அதைவிடப் பயமா இருக்குங்க."

வால்டெமார் சட்டையைப் போட்டுப் பார்த்தார். இவளுக்காகவாவது அனுமதி வாங்கியே தீருவது என்று, அவள் கீரையும் முட்டையும் வைத்துச் சுட்ட பாஸ்குவலீனாவையும் மேளத்தையும் தூக்கிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனார்.

டாக்டர் இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகு மேளத்தை மாட்டினார்.

"நீங்க அசையாதீங்க. நானே அடிச்சு, என் நாடி எவ்வளவு ஏறுதுன்னு பாத்து உங்களுக்குக் கணக்குப் போட்டுடறேன். சொல்லிக் குடுங்க."

நோயாளிக்காகத் தன் உடம்பை வருத்திக்கொள்ளும் டாக்டர் எங்கே கிடைப்பார்? வால்டெமார் நெகிழ்ந்துபோனார்.

"ஐயோ டாக்டர், கம்பு முந்துது! இப்படி அடிச்சா எனக்கு மறுபடியும் மாரடைப்பு வந்துரும். வெறுங்கை முதல்ல, கம்பு அப்புறம்."

ஜனவரி முழுக்கச் செவ்வாய்க்கிழமை தவறாமல் சோதனை நடந்தது. வெளியே காத்திருந்த நோயாளிகள் காலால் தாளம் போட்டார்கள். தெரு திரும்பும்போது ஓர் அடியை வேண்டுமென்றே பிந்தவிடும் தன் ரகசியத்தை வால்டெமார் சொந்தத் தம்பிக்குக்கூடச் சொன்னதில்லை. மருத்துவ முன்னேற்றத்துக்காக அதையும் சொல்லிக் கொடுத்தார்.

கடைசிச் செவ்வாயன்று டாக்டரின் விரல்களில் பிளாஸ்திரி. "சமையல் கத்தி," என்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"எனக்கே வருத்தமாத்தான் இருக்கு. இந்த வருஷம் வேணாம். மேளமும் இங்கேயே இருக்கட்டும், வீட்ல இருந்தா உங்க கை சும்மா இருக்காது."

வெறுங்கையோடு பஸ்ஸில் திரும்பிய வால்டெமார், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் கோஷ்டித் தலைவர் துலியோ, வெந்நீர் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்தார். மத்தே இலைத் தேநீர் ஊற்றி நீட்டினார்.

"மனசைத் தளர விடாதீங்கண்ணே. உங்க எடத்துக்கு ஆள் கெடைச்சாச்சு. சொந்த மேளத்தோடயே வந்துட்டாரு."

"என்னை மாதிரி அடிப்பானா?"

"அச்சு அசல் நீங்கதான்! திருப்பத்துல ஓர் அடியைப் பிந்தி விடுவீங்களே, அது உட்பட."

வால்டெமாரின் கையில் மத்தே அப்படியே நின்றது. "அது யாருக்கும் தெரியாதே... ஆள் யாருய்யா?"

"மூணு வருஷமா, ‘பெரிய மேளக்காரங்க யாருக்காவது நெஞ்சு வலி வந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க’ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தாருண்ணே. இதய டாக்டராச்சே, வைத்தியம் பாக்கத்தான் கேக்கறாருன்னு நாங்க நெனைச்சோம்!"