கருப்பு வாத்துக்கு ஆரத்தி

கவிதை எழுதுகிறவன் கையில் செத்த பறவையைக் கொடுக்கக் கூடாது. உயிர் கொடுத்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பிவிடுவான்.

மெல்போர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கென், பழைய வேட்டைக்காரர். முட்டி இரண்டும் போனபின் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். கடைசியாகச் சுட்ட கருப்பு வாத்து மட்டும் அவர் ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் படுத்திருந்தது. வீட்டை விற்றுவிட்டு அடுத்த மாதம் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். ஒற்றை அறை.

"வேற எதுவும் வேண்டாம் மேட். இது என் கட்டிலுக்கு மேல பறந்துக்கிட்டு இருந்தாப் போதும்" என்றார். செத்த பறவையின் தோலைப் பதப்படுத்தி, உயிரோடு இருப்பதுபோல் பாடம் செய்கிறவர்களோ அடுத்த வருஷம்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் பண்றேன்" என்றது என் வாய். (வாரயிறுதி வகுப்பு ஒன்றில் ஒரே ஒரு காடையைப் பாடம் செய்திருந்தேன். உட்கார்ந்த காடை. அதுவும் சாய்ந்து உட்கார்ந்தது.)

வாழ்நாள் முழுக்கச் சிறகு, சிறகு என்று எழுதியவனுக்கு, சிறகு எங்கே மடங்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கராஜில் தோலை உரித்தேன், கழுவினேன், இறக்கைக்குள் கம்பி செருகினேன். ஒன்று வானத்தை நோக்கி எழுந்தது. இன்னொன்று பஸ்ஸை நிறுத்துவதுபோல நீண்டது. சரி, காற்று அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தோல் கெடாமலிருக்க உள்ளே வெண்காரம் தடவ வேண்டும். உடம்பு முடிந்து இறக்கைக்கு வந்தபோது டப்பா காலி. கடைக்குப் போயிருக்கலாம். ஆனால் புண்ணுக்கும் மீனுக்கும் மஞ்சள் தடவியே வளர்ந்தவன் நான். வாத்து மட்டும் விதிவிலக்கா? சமையலறை டப்பாவைத் தூக்கி வந்து தாராளமாகப் பூசினேன். தைத்து முடித்து, இறகு புசுபுசுவென்று எழ ஹேர் டிரையரைப் போட்டேன்.

கராஜில் மஞ்சள் மேகம் எழுந்தது.

கருப்பு வாத்துக்கு இறக்கையின் அடிப்பக்கம் நல்ல வெள்ளை. பறக்கும்போது மட்டும் தெரியும் வெள்ளை. கென் பார்த்துக்கொண்டே படுக்க ஆசைப்பட்ட வெள்ளை. அது இப்போது எலுமிச்சை சாதம்.

பதறிப்போய் சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன். செக்கச்செவேலென்று சிவந்தது.

வாசலில் வந்து நின்ற மனைவி கலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தாலே சிவக்கும். சோப்பை வேற போட்டீங்களா? ஆரத்தி கரைச்சு வச்சிருக்கீங்க!"

மகள் நிலா எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஷி இஸ் ப்ளஷிங்!"

வேறு வாத்து வாங்கிவிட முடியாது. அவருக்கு இனி வேட்டை கிடையாது. காய்ந்ததும் கலாவோடு கொண்டுபோய் அவருடைய புது அறைக் கூரையில் மாட்டினேன். கென் படுத்தபடி பார்த்தார்.

"அந்தச் சிவப்பு?"

நான் கூரைக் கொக்கியைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன். கலாதான் சொன்னாள்: "எங்க ஊர்ல புது வீட்டுக்கு வர்றவங்களுக்கு இந்தச் சிவப்புத் தண்ணியாலதான் சுத்திப் போடுவோம், கென். கண்ணு படாம இருக்க."

கென் மறுபடி மேலே பார்த்தார். கண் கலங்கியது மாதிரி இருந்தது, சிரித்தது மாதிரியும். "விடியக்காலையில சதுப்புல இருந்து கிளம்புறப்போ, வெயில் பட்டா அடியில இப்படித்தான் சிவக்கும்" என்றார். பொய்யா நிஜமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, "ஆனா அந்த இடது இறக்கை யாரைக் கூப்பிடுது?" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் குழாய் ஒழுகி, நான் "நான் பண்றேன்" என்று எழுந்தால், கலா பேசாமல் போய் மஞ்சள் டப்பாவை எடுத்து ஒளித்துவைக்கிறாள்.